ராக் பேண்டில் நடுவில் யாரை நிறுத்துவது: குரல் உள்ளவனையா, கூட்டத்தைப் பிடிப்பவனையா?

முத்தியால்பேட்டை ரிதம்:

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரியில் நாங்கள் ஐந்து பேர் ஒரு ராக் பேண்டு வைத்திருக்கிறோம், நான் ரிதம் கிட்டார். ஜூன் 21 ஃபெத் த லா மியூசிக் என்கிற தெரு இசை விழா அன்று கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தெரு மேடையில் முக்கால் மணி நேரம் கிடைத்திருக்கிறது. பாட்டுப் பட்டியல் தயார், ஒத்திகையும் ஓடுகிறது. யார் நடுவில் நின்று பாடுவது என்பதில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம்.

எங்களில் இரண்டு பேர் பாடுவார்கள். கீபோர்டு வாசிப்பவன் சின்ன வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம் கற்றவன், லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளான்ட் போகிற உயரத்துக்கெல்லாம் அலட்டாமல் போய் வருவான், சுருதி விலகவே விலகாது. ஆனால் பாடும்போது கண்ணை மூடிக்கொள்கிறான், திறந்தால் தரையைப் பார்க்கிறான். பேஸ் வாசிப்பவன் குரல் சுமார்தான், மேல் ஸ்தாயியில் கரகரக்கும். ஆனால் அவன் மைக்கைப் பிடித்தால் சுண்டல் வாங்கப் போனவர்கள்கூடத் திரும்பி வருகிறார்கள். லீட் கிட்டாரிஸ்ட் முதலாமவன்தான் என்கிறான், ட்ரம்மர் இரண்டாமவன்தான் என்கிறான், என்னை முடிவு செய்யச் சொல்கிறார்கள்.

ஒரு பெரிய ஃபிரன்ட்மேனை, அதாவது முன்னால் நின்று பேண்டை நடத்துகிறவரை, உருவாக்குவது உண்மையில் எது? குரலா, தோற்றமா, தைரியமா, வேறு ஏதாவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், நீளமாக எழுதினாலும் படிக்கிறேன்.

மஞ்சக்குப்பம் கேசட்:

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் 1985 ஜூலை 13-ஐத்தான் காட்டுவேன். லண்டன் வெம்ப்லி மைதானம், லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் கச்சேரி, சுமார் 72,000 பேர். குவீன் பேண்டு மேடையேறியபோது மாலை ஆறே முக்கால்கூட ஆகவில்லை, அங்கே கோடைக்காலம், பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். பெரிய விளக்கு, புகை என்று பழகிய பேண்டு அது. அன்று அவை எதுவும் கிடையாது, இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட நேரம்தான், கூட்டமும் அவர்களுக்காக மட்டும் வந்த கூட்டம் இல்லை. அந்தப் பதிவை இன்று எடுத்துப் பாருங்கள், பாட்டைக் கேட்காமல் அவர்கள் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் கண்ணை மட்டும் பாருங்கள். ஓடிக்கொண்டே இருந்தாலும் எந்தப் பக்கம் கூட்டம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகிறார்.

நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு வெறும் குரலில் ஒரு சின்ன வரிசை போடுகிறாரே, கூட்டம் அதைத் திருப்பிப் பாடுகிறதே, அதைக் கவனமாகக் கேளுங்கள். முதலில் யாரும் பாடக்கூடிய எளிய ஒன்று, அடுத்தது கொஞ்சம் நீளம், அப்புறம் வளைவு, கடைசியில் பாடவே முடியாத ஒன்றைப் போட்டுச் சிரிக்கிறார். எடுத்த எடுப்பில் கஷ்டமானதைப் போட்டிருந்தால் அத்தனை பேரும் வாயை மூடியிருப்பார்கள். கூட்டத்துக்கு எவ்வளவு வரும் என்று அறிந்து, அதற்கு ஒரு படி மேலே மட்டும் கொடுக்கத் தெரிய வேண்டும்.

அவர் பிறவியிலேயே அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். சான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன், நம் நாட்டில் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர், அங்கே ஒரு பள்ளி பேண்டில் பியானோ வாசித்தார், முன்னால் நின்று பாடியது வேறொரு பையன். மேடைக்கு வெளியே கூச்ச சுபாவி என்றே பழகியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாதி மைக் ஸ்டாண்டுகூட ஆரம்ப காலத்தில் ஒரு கச்சேரியில் ஸ்டாண்டு நடுவில் கழன்றபோது அப்படியே பாடி முடித்ததில் வந்தது. கையில் உடைந்தது கிடைத்தாலும் கூட்டத்தை விட்டுக் கவனம் போகவில்லை, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் ஓட்டு உங்கள் பேஸ்காரத் தம்பிக்கு.

ஓ.டி. பேஸ்:

அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. எல்லோரும் வெம்ப்லியைக் காட்டியே பேசுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக வருகிற பையன்கள் எல்லாம் மேடையில் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள், இரண்டாவது பாட்டிலேயே மூச்சு வாங்கி சுருதி போய்விடுகிறது.

நிர்வாணா பாடகர் கர்ட் கோபேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 நவம்பரில் நிர்வாணா எம்டிவிக்காகச் செய்த அன்பிளக்டு நிகழ்ச்சி. பழைய கம்பளிச் சட்டை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் லில்லிப் பூவும் மெழுகுவர்த்தியும். பாடிய பதினான்கு பாட்டில் ஆறு அடுத்தவர்களுடையவை, பெரிய வெற்றிப் பாட்டுகளில் முக்கியமானதைத் தொடவே இல்லை. கூட்டத்தைக் கைதட்டச் சொல்லவில்லை, எழுந்து நிற்கச் சொல்லவில்லை. ஆனால் கடைசிப் பாட்டில் குரல் கிழிகிற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, கண்ணைத் திறந்து, மூச்சு இழுத்து முடிக்கிறார் பாருங்கள், அதற்கு எந்த ஓட்டமும் ஈடாகாது.

மோட்டர்ஹெட் பேண்டின் லெம்மி? மைக்கைத் தலைக்கு மேலே வைத்து, அண்ணாந்து பார்த்தே பாடிய மனிதர், கூட்டத்தின் முகத்தைப் பார்க்கிற நிலையே அது இல்லை. தி டோர்ஸ் பாடகர் ஜிம் மாரிசன் ஆரம்பத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிப் பாடினார். நம் ஊரில் நாகூர் ஹனிபா என்ன ஆடினாரா? நேராக நின்று பாடுவார், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும், மாநாட்டுப் பந்தலே அவர் குரலில் கட்டுண்டு கிடக்கும்.

பாட்டை நம்புகிறவன் வேண்டும், அவ்வளவுதான். கண்ணை மூடுவது குறை இல்லை. கீபோர்டு தம்பிக்கு என் ஓட்டு.

சவுண்ட்செட் வில்லியனூர்:

நான் பாடுகிறவன் இல்லை, மைக் செட் போடுகிறவன். கல்யாணம், கோயில், கட்சிக் கூட்டம், பாட்டுக் கச்சேரி, உங்களைப் போன்ற ராக் பையன்கள் என்று எல்லா மேடைக்கும் மிக்சருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். அங்கிருந்து பார்க்கும்போது தெரிகிற சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கீபோர்டு தம்பி ஏன் கண்ணை மூடுகிறார் என்று யாராவது கேட்டீர்களா? கர்நாடக சங்கீதம் கற்றவர் என்றால் காதுக்குப் பக்கத்தில் தம்புராவோ சுருதிப் பெட்டியோ வைத்துப் பழகியவர். உங்கள் ஒத்திகையில் ட்ரம்ஸும் லீட் ஆம்ப்பும் போடுகிற போட்டில் அவருக்கு அவர் குரலே கேட்காது, கேட்காதபோது கண்ணை மூடி உள்ளுக்குள் சுருதியைத் தேடுவார்கள், நிறைய பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு எதிரே தனியாக ஒரு மானிட்டர், அதாவது பாடுகிறவரைப் பார்த்துத் திருப்பிய ஸ்பீக்கர், வைத்து, அதில் அவர் குரலையும் கொஞ்சம் கீபோர்டையும் மட்டும் விட்டுப் பாருங்கள். பாதி பேர் தலை நிமிர்ந்துவிடுவார்கள்.

இரண்டாவது மைக். மேடையில் பெரும்பாலும் இருப்பது ஷ்யூர் எஸ்எம்58, 1966-இல் வந்த மாடல், இன்னும் அதேதான். முன்னால் வருகிற சத்தத்தை வாங்கி, பின்னால் வருவதைத் தள்ளிவிடுகிற மாதிரி செய்தது. அந்த உருண்டை வலைக்கு உள்ளே பின்பக்கச் சத்தம் நுழைய வழி இருக்கிறது, அது அடைபட்டால் இந்த வேலை நடக்காது. ஸ்டைலுக்காக வலையைக் கையால் பொத்திப் பிடித்தால் மைக் எல்லாப் பக்கமும் இழுக்க ஆரம்பிக்கும், மானிட்டர் சத்தம் உள்ளே போய் ஊளையிடும், திட்டு எனக்கு விழும். உதட்டோடு ஒட்டிப் பாடினால் அடிக்குரல் கனக்கும், உச்சத்துக்குப் போகும்போது ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் காதைக் குத்தாது. நல்ல பாடகர்கள் இதைக் கையிலேயே செய்துவிடுவார்கள், நான் பொத்தானைத் தொடவே வேண்டியிருக்காது.

மூன்றாவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. லீட் கிட்டாரில் கம்பி அறுந்தது என்று வையுங்கள். மாற்றி, சுருதி சேர்த்து, மறுபடி ஆரம்பிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மேடை என்ன செய்கிறது என்று பார்த்தால் உங்கள் பேண்டில் ஃபிரன்ட்மேன் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒருவர் மைக்கிலேயே “மானிட்டர ஏத்துங்க, ஏத்துங்க” என்று என்னைப் பார்த்துக் கத்துவார், கூட்டம் கலைந்துவிடும். இன்னொருவர் பேஸையும் ட்ரம்ஸையும் மெதுவாக ஓடவிட்டு, அதன் மேலே கூட்டத்தோடு பேசுவார், என்னிடம் விரலால் மேலே கீழே என்று மட்டும் காட்டுவார். ஜெனரேட்டர் நின்றாலும் இதேதான். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்து விதி இருக்கிறது, பத்து மணி நெருங்கும்போது எந்தப் பாட்டை விடுவது என்று பதறாமல் முடிவு செய்வதும் அவர் வேலைதான்.

குரல் நல்ல குரலா சுமார் குரலா என்பதைக் கொஞ்சம் நான் பார்த்துக்கொள்ள முடியும். இதை என்னால் பார்த்துக்கொள்ள முடியாது.

கோரிமேடு பாடகி:

வில்லியனூர் அண்ணே, மானிட்டர் பற்றிச் சொன்னதற்குக் கோடி நன்றி, பத்து வருடம் முன்னால் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

எல்லோரும் ஆண்களாகவே எடுத்துக்காட்டு கொடுக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். 1967 ஜூனில் மான்டெரே விழாவில் ஜானிஸ் ஜாப்ளின் பாடியதைப் பாருங்கள். டெக்சாஸில் ஒரு சின்ன துறைமுக ஊர்ப் பெண், கல்லூரியில் தோற்றத்தை வைத்துக் கேலி செய்யப்பட்டவர். அன்றைக்கு அவர் பேண்டின் பெயரே சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. பாட்டு முடியும்போது பார்வையாளர் வரிசையில் இருந்த காஸ் எலியட், அவரே அன்றைக்குப் பெரிய பாடகி, வாயைப் பிளந்து பார்க்கிற முகம் படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. ஜானிஸ் பாடும்போது காலைத் தரையில் உதைப்பார், அழகாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணமே அந்த உடம்பில் இல்லை. எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் மேடையில் சேலையை இழுத்து இழுத்துச் சரி செய்கிற பழக்கம் போனது.

நம் நாட்டில் உஷா உதூப். கனத்த குரல் என்று பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்தே வெளியே அனுப்பினார்கள். அவர் 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு இரவு விடுதியில் காஞ்சிபுரம் சேலையோடு ஆங்கிலப் பாட்டு பாட ஆரம்பித்தார். குரல் ‘நல்ல குரல்’ என்ற கணக்கில் வராது, ஆனால் அது அவருடையது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஓ.டி. பேஸ் தம்பியும் மஞ்சக்குப்பம் அண்ணனும் குரலா கூட்டமா என்று பிரித்துப் பேசுகிறீர்கள், இந்த இரண்டு பேரிடமும் அதை எப்படிப் பிரிப்பீர்கள்?

நான் மெல்லிசைக் குழுவிலும் பாடுகிறேன், ராக்கும் பாடுகிறேன். ஒரு ஊர்த் திருவிழாவில் ஏற்பாடு செய்தவர்கள் “பொம்பளப் புள்ள மெலடி பாடினா போதும், அந்தக் கத்தல் பாட்ட பசங்க பாடட்டும்” என்று என்னிடம் நேராகவே சொன்னார்கள். அன்றைக்கு நான் ராக் பாட்டைத்தான் பாடினேன். பெண் மேடையேறினால் முன்வரிசையில் ஒரு கூட்டம் விசிலடிக்கும், ஏதாவது கத்தும். நான் செய்வது இதுதான். ஏறியதும் அவர்களைப் பார்க்க மாட்டேன், ஓரத்தில் குழந்தையோடு நிற்கிற பெண்களைப் பார்த்துத்தான் முதல் வார்த்தை பேசுவேன். அவர்கள் நாலடி முன்னால் வருவார்கள், கூட்டத்தின் நிறமே மாறும். அப்புறம் அந்த விசில் பையன்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன், இரண்டாவது நாலாவது அடியில் கைதட்டுவது உங்கள் பொறுப்பு, தப்பினால் பாட்டு நின்றுவிடும் என்று. பொறுப்பைக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறார்கள், இது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அப்புறம் ஒன்று. முன்னால் நிற்பவர் மட்டும்தான் பேண்டு என்று மக்கள் நினைத்துவிடுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். பிளான்டி என்றால் டெபி ஹாரியின் பெயர் என்று ஊரே நினைத்தது, கடைசியில் பிளான்டி ஒரு குழு என்று அவர்களே விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. லீட் தம்பிக்கு இப்போதே இதில் மனத்தாங்கல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், வாக்குவாதத்துக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

பண்ருட்டி கூத்து வீடு:

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து தெருக்கூத்து. ராக் நான் கல்லூரியில்தான் கேட்க ஆரம்பித்தேன். இந்த இழையைப் படிக்கும்போது கட்டியங்காரனை யாருமே சொல்லவில்லையே என்று இருந்தது.

திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் போகும். துரியோதனன், அர்ச்சுனன் எல்லாம் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டித் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வருவார்கள், குரல், அடவு, கம்பீரம் எல்லாம் அவர்களுடையது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஊர் சாய்ந்து தூங்கும்போது கூத்தைக் காப்பாற்றுவது கட்டியங்காரன். யார் தூங்குகிறார், யார் டீ குடிக்கக் கிளம்புகிறார், எந்தக் குழந்தை அழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார், அதை அப்படியே பாரதக் கதைக்குள் இழுத்துவிடுவார். குழந்தை அழுதால் துரியோதனனைப் பார்த்து, மகாராஜா, உங்கள் மீசையைப் பார்த்துப் பிள்ளை பயப்படுகிறது என்பார். ஊரே சிரிக்கும், குழந்தை அழுகை கதையைக் கெடுக்காமல் கதையோடு சேர்ந்துவிடும்.

அதே நேரத்தில் பின்னால் என்ன நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். வேஷக்காரருக்கு மூச்சு வாங்குகிறது என்றால் பேச்சை நீட்டுவார். பின்பாட்டுக்காரர்கள் வரியைத் திருப்பிப் பாடுவதும் அதற்குத்தான், அவர் இளைப்பாற நேரம் கிடைக்க. முகவீணைக்காரர், மிருதங்கக்காரர் எல்லோருக்கும் கண்ணாலேயே சைகை போகும். எங்கள் அப்பா சொல்வார், ஒரு கண் சபையில், ஒரு கண் மேளத்தில் என்று. நீங்கள் ஃபிரன்ட்மேன் என்று தேடுகிறவரிடம் நான் பார்ப்பது அந்த இரண்டாவது கண்ணைத்தான். கூட்டத்தை மயக்கிவிட்டுத் தன் ட்ரம்மர் தவிப்பதைப் பார்க்காதவரிடம் எனக்கு மரியாதை வருவதில்லை.

உங்கள் பேஸ் தம்பி கட்டியங்காரன், கீபோர்டு தம்பி ராஜ வேஷம். எங்கள் மேடையில் இரண்டு பேரும் உண்டு.

முத்தியால்பேட்டை ரிதம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்து முழுவதையும் படிக்க வைத்தேன். கீபோர்டுக்காரன் மானிட்டர் விஷயத்தைப் படித்துவிட்டு ஆமாம், என் குரல் எனக்குக் கேட்பதே இல்லை என்றான். இத்தனை நாள் சொல்லவே இல்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பேஸ்காரனுக்கு வேறு சந்தேகம். அவன் முன்னால் நின்றால் பாதிப் பாட்டுகள் அவன் குரலுக்கு எட்டாது. மூலப்பாட்டில் இருக்கிற சுருதியிலேயே பாடினால்தான் மதிப்பு என்று லீட் சொல்கிறான். இறக்கினால் அசிங்கமா? அப்புறம் பேஸ் வாசித்துக்கொண்டே முன்னால் நிற்க முடியுமா, அல்லது பேஸுக்கு வேறு ஆள் பார்க்கணுமா?

ஓ.டி. பேஸ்:

பேஸ்காரன் முன்னால் நிற்பதைப் பற்றி என்னிடமே கேட்டால் விடுவேனா. லெம்மி, ஸ்டிங், ரஷ் பேண்டின் கெடி லீ எல்லோரும் பேஸ்காரர்கள்தான். தின் லிசியின் ஃபில் லினட் கறுப்புப் பேஸில் கண்ணாடித் தகடு பதித்து வைத்திருந்தார், மேடை விளக்கு அதில் பட்டுக் கூட்டத்தின் முகங்கள் மேல் போகும், எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அந்தப் பக்கத்து ஆட்கள் வெளிச்சத்தில் தெரிவார்கள். கையில் வாத்தியம் இருப்பதையே கூட்டத்தோடு பேசுகிற வழியாக்கினார். ஆள் மாற்றத் தேவையே இல்லை. ஆனால் பாட்டின் தாளம் ஒரு பக்கமும் பேஸ் வரி வேறு பக்கமும் போகிற பாட்டுகளில் பேஸ் வரியை எளிதாக்கச் சொல்லுங்கள்.

சுருதி விஷயத்தில் லீட் தம்பி சொல்வதோடு எனக்கு உடன்பாடே இல்லை. அயர்ன் மெய்டன் எனக்கு உயிர். 2007 மார்ச் 17 பெங்களூர் அரண்மனை மைதானத்துக்குக் கடலூரிலிருந்து நண்பர்களோடு போனேன். பின்னால்தான் நின்றேன், புரூஸ் டிக்கின்சன் முகம்கூடச் சரியாகத் தெரியாது, ஆனாலும் அவர் ஊர் பெயரைச் சொல்லிக் கத்தச் சொன்னபோது தொண்டை கிழிந்தது. 1993-இல் அவர் விலகியபோது பிளேஸ் பெய்லி வந்தார். நல்ல பாடகர், நல்ல மனிதர், கனமான கீழ்க்குரல். ஆனால் டிக்கின்சன் குரலுக்காகச் செய்த பழைய பாட்டுகளை அவர் குரலுக்கு ஏற்ப இறக்காமலே ராத்திரிக்கு ராத்திரி பாட வைத்தார்கள். அவர் திணறியதைப் பலர் அவருடைய குறையாகப் பேசினார்கள், என் கணக்கில் அது பேண்டின் குறை. 1999-இல் டிக்கின்சன் திரும்பி வந்ததும் எல்லோரும் பழையதை மறந்துவிட்டார்கள், எனக்கு மட்டும் அந்த வருடங்களை நினைத்தால் வருத்தம்.

கன்ஸ் அன் ரோசஸ் கிட்டாரையே அரை சுருதி இறக்கித்தான் வைத்திருந்தார்கள். யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. இறக்குங்கள். முடிந்தால் முழு சுருதியே இறக்குங்கள்.

மஞ்சக்குப்பம் கேசட்:

கூத்து வீட்டுத் தம்பி எழுதியதைப் படித்ததும் பாவலர் வரதராசன் நினைவுதான் வந்தது. இளையராஜாவின் அண்ணன், கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர், 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்குத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே போய்ப் பாடினார். அன்றன்றைக்கு நடக்கிறதைப் பாட்டாக்கி, கேட்கிறவன் அங்கேயே சேர்ந்து பாடுகிற மாதிரி கொடுக்கிற திறமை. நமக்கு இந்த வித்தை வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை.

ஆனால் நான் இப்போது எழுத வந்தது வேறு. இதுவரை கூட்டத்தைப் பிடிப்பது பற்றியே பேசினோம், கூட்டத்தைக் காப்பது பற்றி யாரும் பேசவில்லை.

1969 டிசம்பர் 6, கலிபோர்னியாவில் ஆல்டமான்ட். ரோலிங் ஸ்டோன்ஸ் இலவசக் கச்சேரி, மூன்று லட்சம் பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். சரிவின் அடியில் இடுப்பு உயர மேடை, காவலுக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பல். மேடைக்கு எதிரிலேயே அடிதடி. மிக் ஜாகர் அன்றைய உலகத்தில் கூட்டத்தைக் கிளப்புவதில் முதல் ஆள், அவர் பாட்டை நிறுத்தி நிறுத்திக் கெஞ்சுகிறார், யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் மேடைக்கு முன்னால் குத்திக் கொல்லப்பட்டான். கிளப்பத் தெரிந்தவருக்கு அடக்க முடியவில்லை. ஏற்பாடே தவறு, அதை அவர் ஒருவர் தலையில் போட முடியாது. ஆனாலும் அந்தப் பதிவில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கும்.

2000 ஜூன் 30, டென்மார்க்கில் ராஸ்கில்ட் விழா, மழைச் சேறு, பேர்ல் ஜாம் வாசிக்கிறது. முன்னால் நெரிசல் என்று தெரிந்ததும் அவர்கள் பாடகர் எடி வெடர் இசையை நிறுத்தி, எல்லோரும் மூன்று காலடி பின்னால் போங்கள் என்று கேட்டார். அப்போதே தாமதமாகிவிட்டது, ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பேண்டையே கலைத்துவிடலாமா என்று அவர்கள் யோசித்தார்கள்.

ஜூன் 21 அன்று கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் எவ்வளவு கூட்டம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். மேடைக்கு முன்னால் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள், கயிறு மட்டும்தான் கட்டியிருக்கும். கண்ணை மூடிப் பாடுகிறவர் நடுவில் நிற்கட்டும் என்று பெரும்பான்மை முடிவு செய்தாலும், யாராவது ஒருவர் கண்ணைத் திறந்து முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தேவைப்பட்டால் பாட்டை நடுவில் வெட்டுகிற அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். இதை ஒத்திகையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

தேவனாம்பட்டினம் ட்ரம்ஸ்:

எல்லோரும் ஒருவரைத் தேடுவதுதான் எனக்குப் புரியவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி. கிட்டத்தட்ட இருபது பேர், எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு, கானாவும் பறையும் ராக் கிட்டாரும் ராப்பும். மைக் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். யார் முன்னால் வந்தாலும் மற்றவர்கள் அவரைப் பார்த்து ரசிப்பது தெரியும். தமிழில் பாடினார்கள், அவர்கள் வாழ்க்கையைப் பாடினார்கள், கூட்டத்தை யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. நீங்கள் ஆங்கிலப் பாட்டுகள் மட்டுமா வைத்திருக்கிறீர்கள்? முக்கால் மணி நேரத்தில் ஒரு சொந்தத் தமிழ்ப் பாட்டாவது வையுங்கள். அதற்கு யார் வரி எழுதினாரோ அவரே பாடட்டும்.

பின்னால் இருப்பவர் முன்னால் வரவே முடியாது என்றும் நினைக்காதீர்கள். 1975-இல் பீட்டர் கேப்ரியல் விலகியதும் ஜெனிசிஸ் ஏகப்பட்ட பாடகர்களைக் கூப்பிட்டுச் சோதித்துவிட்டு, கடைசியில் அவர்கள் ட்ரம்மர் ஃபில் காலின்ஸையே முன்னால் நிறுத்தினார்கள். நிர்வாணா ட்ரம்மர் டேவ் குரோல்தான் ஃபூ ஃபைட்டர்ஸில் பாடுகிறார். 2015-இல் ஸ்வீடனில் மேடையிலிருந்து விழுந்து கால் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், திரும்பி வருவேன், நீங்கள் வாசியுங்கள் என்று பேண்டிடம் சொல்லிவிட்டுப் போனவர், காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு அங்கேயே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கச்சேரியை முடித்தார்.

கோரிமேடு பாடகி:

குரோல் கதையைக் காட்டி இந்தப் பையன்களைக் கால் உடைந்தாலும் பாடச் சொல்லாதீர்கள் தம்பி. தொண்டை கட்டினாலும் நிறுத்தணும். கரகரப்புக் குரலோடு ஒத்திகையில் தினமும் உச்சத்தில் கத்தினால் நிகழ்ச்சி நாளன்று வெறும் காற்றுதான் வரும். கடைசி இரண்டு நாள் பேஸ் தம்பியைப் பாதிக் குரலில் பாடச் சொல்லுங்கள். கடற்காற்றில் வியர்வை கொட்டும், தண்ணீர் நிறைய குடிக்கச் சொல்லுங்கள், ஐஸ் வேண்டாம்.

முத்தியால்பேட்டை ரிதம்:

நேற்று ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். பேஸ்காரன் நடுவில் நிற்கிறான், பேச்சும் பாதிப் பாட்டும் அவனுடையவை, எல்லாம் அரை சுருதி இறக்கி. கீபோர்டை மேடையின் வலது முன்பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம், உயரம் போகிற மூன்று பாட்டு அவன் பாடுவான், அந்த நேரத்தில் பேஸ்காரன் கூட்டத்தைப் பார்த்துக்கொள்வான். அவன் கையைத் தூக்கினால் யார் என்ன வாசித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்துவது என்று முடிவு. ஒரு தமிழ்ப் பாட்டு பாதி எழுதியாகிவிட்டது, ட்ரம்மர் எழுதுகிறான். லீட் இன்னும் முழு மனதாக ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா சொன்ன மாதிரி தனியாகப் போய்க் கேட்டேன், உண்மைதான், தனக்கு ஒரு இடமும் இல்லாமல் போய்விடுமோ என்று பயம் இருந்திருக்கிறது. நடுவில் ஒரு நீளமான சோலோ வைத்திருக்கிறோம், அப்போது மற்ற எல்லோரும் ஒதுங்கி நின்றுவிடுவது.

சவுண்ட்செட் வில்லியனூர்:

சோலோவுக்கு முன்னால் பேஸ் தம்பியை லீட் தம்பி பெயரைச் சொல்லி அறிவிக்கச் சொல்லுங்கள், எனக்கும் லீடை ஏற்ற அது சைகையாக இருக்கும். பாட்டு வரிசையைச் சுருதியோடு எழுதி ஒரு தாள் எனக்கு, ஒரு தாள் ட்ரம்மருக்கு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, செட்டை எங்கள் குடோனிலேயே விரித்து வைக்கிறேன், நாலு மணிக்கு வாருங்கள். கீபோர்டு தம்பிக்குத் தனி மானிட்டர் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஓ.டி. பேஸ்:

ஞாயிறு நானும் கடலூரிலிருந்து வருகிறேன். கீபோர்டு தம்பி பாடும்போது பின்னால் நின்று கேட்கணும்.